"வாய்ப்புள்ளது" என்றால் எத்தனை சதவீதம்?

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னையில் இரண்டு வியாபாரம் சூடு பிடிக்கும். ஒன்று, ரங்கநாதன் தெருவில் குடையும் ரெயின்கோட்டும். இன்னொன்று, நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையத்தைக் கிண்டல் அடிப்பது. முதல் வியாபாரத்துக்கு முதலீடு வேண்டும். இரண்டாவதற்குக் கையில் ஒரு செல்போன் இருந்தால் போதும்.

"மழை வரும்னு சொன்னாங்க, பாரு, வெயில் மண்டையைப் பிளக்குது." "வராதுன்னாங்க, தெருவுல போட் விடலாம்." எஸ்.ஆர். ரமணன் தினமும் டிவியில் வந்து வங்கக்கடலைப் பற்றிப் பேசிய காலத்திலிருந்து இதே ஜோக்தான். அவர் 2016ல் பணி ஓய்வு பெற்றுவிட்டார். ஜோக்குக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

கிண்டல் அடிப்பவர்கள் செய்வது தப்பு. ஆனால் அந்தக் கிண்டலுக்கு இடம் கொடுத்துக்கொண்டே இருக்கும் அறிவிப்பு முறை அதைவிடப் பெரிய தப்பு. இரண்டும் ஒரே சொல்லைச் சுற்றித்தான் நடக்கின்றன: "வாய்ப்புள்ளது." கனமழைக்கு வாய்ப்புள்ளது, மிதமான மழைக்கு வாய்ப்புள்ளது, இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்புள்ளது. எவ்வளவு வாய்ப்பு? அதை மட்டும் கேட்கக்கூடாது.

இரண்டு நாட்களை எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் சென்னைக்காரர்கள் மறக்காத நாட்கள்.

முதல் நாள், 2021 டிசம்பர் 30. வருடம் முடிய ஒரு நாள் பாக்கி, வடகிழக்குப் பருவமழை மூட்டை கட்டும் நேரம். மதியத்துக்கு மேல் பிடித்த மழை ராத்திரி வரை விடவில்லை. மயிலாப்பூர் பக்கம் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியது. நுங்கம்பாக்கத்தில் சுமார் 15 செ.மீ. மீனம்பாக்கத்தில் அதைவிட மிகவும் குறைவு. தி.நகரிலும் மயிலாப்பூரிலும் ஆபீஸ் விட்டு வந்தவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்கள். சுரங்கப்பாதைகள் மூடப்பட்டன. மின்சாரம் தாக்கி மூன்று பேர் செத்தார்கள். இந்த அளவு மழைக்கான எச்சரிக்கை முன்கூட்டி வரவில்லை. சில நாட்களில் முதல்வர் மு.க. ஸ்டாலின் மத்திய உள்துறை அமைச்சருக்குக் கடிதமே எழுதினார், வானிலை மையத்தின் திறனை மேம்படுத்துங்கள் என்று.

இரண்டாவது நாள், 2024 அக்டோபர் 16. சென்னைக்கு சிவப்பு எச்சரிக்கை. பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை. ஐ.டி. ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லுங்கள் என்று கம்பெனிகளுக்கு அரசின் வேண்டுகோள். முந்திய வருட மிக்ஜாம் புயலில் பட்ட சூடு ஆறாத வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். முந்தின நாள் நன்றாகத்தான் பெய்தது. ஆனால் 16ஆம் தேதி பயமுறுத்திய அளவில் ஒன்றும் இல்லை. தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்து, 17ஆம் தேதி அதிகாலை சென்னைக்கு வடக்கே கரை கடந்தது. உடனே ஆரம்பித்தது: "இதுக்கா லீவு விட்டீங்க?"

இப்போது கேள்வி. இந்த இரண்டு நாட்களை வைத்து வானிலை மையம் நன்றாகக் கணிக்கிறதா, மோசமாகக் கணிக்கிறதா என்று சொல்ல முடியுமா?

முடியாது. கொஞ்சம்கூட முடியாது. ஏனென்றால் அந்த இரண்டு நாளிலும் அவர்கள் மனதில் இருந்த எண் என்ன என்று யாருக்கும் தெரியாது. 2024 அக்டோபர் 16க்கு "அதிகனமழைக்கு 40 சதவீத வாய்ப்பு" என்று ஒருவர் கணித்திருந்தார் என்று வையுங்கள். அப்படியானால் பெய்யாமல் போக 60 சதவீத வாய்ப்பு இருந்தது. பெய்யவில்லை. இதில் அவர் என்ன தப்பு செய்தார்? அதே போல 2021 டிசம்பர் 30க்கு ஒருவர் "5 சதவீதம்" என்று நினைத்திருந்தால், அப்படிப்பட்ட இருபது நாட்களில் ஒரு நாள் பெய்யத்தான் வேண்டும். பெய்த அந்த ஒரு நாளை மட்டும் பிடித்துக்கொண்டு "தோற்றுவிட்டார்" என்று சொல்ல முடியாது.

"ஆஹா, அப்போ சதவீதம் சொன்னால் எப்படியும் தப்பித்துக்கொள்ளலாம் போலிருக்கே" என்று நினைப்பீர்கள். ஒரு நாளுக்கு, ஆமாம், தப்பிக்கலாம். நூறு நாளுக்குத் தப்பிக்க முடியாது. இந்த இடம்தான் முக்கியம்.

தெற்கு மாட வீதியில் காய்கறிக் கடையில் தராசு இருக்கிறதே, அதைப் பாருங்கள். எலக்ட்ரானிக் தராசாக இருந்தால் வருடத்துக்கு ஒரு முறை தொழிலாளர் துறையிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். எப்படிச் சோதிப்பார்கள்? எடை தெரிந்த கல்லைத் தட்டில் வைத்து, தராசு என்ன காட்டுகிறது என்று பார்ப்பார்கள். ஒரு கிலோ கல்லுக்கு ஒரு கிலோ காட்டினால் சரி. 1,100 கிராம் காட்டினால் முத்திரை கிடையாது. இதற்குப் பெயர்தான் கேலிபரேஷன். கத்தரிக்காய் விற்கிற தராசுக்கு வருடா வருடம் இருக்கும் இந்தச் சோதனை, ஒரு கோடிப் பேர் நம்பி வெளியே கிளம்புகிற மழைக் கணிப்புக்கு ஊரறிய நடப்பதில்லை.

நிகழ்தகவுக்கு எடைக்கல் எங்கே போவது? அதற்கும் வழி இருக்கிறது. பேரேடு மாதிரி ஒரு நோட்டு போதும். அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை 92 நாள். ஒவ்வொரு நாளும் முந்தின நாளே ஒரு எண் எழுதுங்கள்: நாளை மழைநாளாக இருக்க எத்தனை சதவீதம்? (மழைநாள் என்றால் 2.5 மி.மீ.யும் அதற்கு மேலும். இது வானிலைத் துறையின் கணக்கு.) பக்கத்தில், மறுநாள் பெய்ததா இல்லையா என்று 1 அல்லது 0. வருட முடிவில் ஒரே எண் எழுதிய நாட்களையெல்லாம் ஒன்றாகக் கட்டுங்கள்.

10 சதவீதம் என்று எழுதிய நாள் 30 என்றால், அதில் 3 நாள் பெய்திருக்க வேண்டும். 30 சதவீதம் என்று எழுதிய 30 நாளில் 9 நாள். 60 சதவீதம் என்று எழுதிய 20 நாளில் 12 நாள். 90 சதவீதம் என்று எழுதிய 12 நாளில் 11 நாள் போல. இப்படி வந்தால் கணிப்பவர் "60" என்று சொல்வது உண்மையிலேயே 60தான். 60 என்ற 20 நாளில் 6 நாள்தான் பெய்தது என்றால், அவருடைய 60 உண்மையில் 30. தராசு இரண்டு மடங்கு காட்டுகிறது. இனி அவர் 60 என்றால் நீங்கள் 30 என்று எடுத்துக்கொள்ளலாம், அல்லது அவரே திருத்திக்கொள்ளலாம். "மழை வரும்னான், வரலை" என்று டீக்கடையில் பேசுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

(20 நாளில் சரியாக 12 வர வேண்டும் என்று அடம் பிடிக்கவும் கூடாது. கணிப்பு கச்சிதமாக இருந்தாலும், அதிர்ஷ்டத்தால் மட்டுமே அது 8க்கும் 16க்கும் நடுவில் ஆடும். ஒரு சீசன் நோட்டை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறவர்களும் மீம்ஸ் போடுகிறவர்களுக்கு ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. நாலைந்து வருட நோட்டு வேண்டும்.)

இது ஒன்றும் நேற்று கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1906லேயே மேற்கு ஆஸ்திரேலியாவில் எர்னஸ்ட் குக் என்ற அரசு வானியலாளர், தன் ஒவ்வொரு கணிப்புக்குப் பக்கத்திலும் தனக்கு எவ்வளவு நிச்சயம் என்பதற்கு 5 முதல் 1 வரை ஒரு எண் போட்டார். பிறகு அந்த எண்களையே பலித்ததோடு ஒப்பிட்டும் வெளியிட்டார். 1950ல் அமெரிக்க வானிலைத் துறையின் கிளென் பிரையர் இதற்கு மார்க் போடும் முறை ஒன்றைச் சொன்னார். சொன்ன நிகழ்தகவுக்கும் நடந்ததற்கும் (1 அல்லது 0) உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்து, எல்லா நாளுக்கும் சராசரி எடு. குறைவாக இருந்தால் நல்லது. 0.9 என்று சொல்லி மழை பெய்தால் அபராதம் 0.01. 0.9 என்று சொல்லிப் பெய்யாவிட்டால் 0.81. பிளஸ் டூ கணக்குதான்.

இதில் ஒரு அழகு உண்டு. ஏமாற்ற முடியாது. மனதில் 30 சதவீதம் என்று பட்டதை, "எதுக்கு வம்பு, பெய்து தொலைத்தால் திட்டுவார்கள்" என்று 60 ஆக்கிச் சொன்னால், எதிர்பார்க்கும் அபராதம் 0.21லிருந்து 0.30க்கு ஏறிவிடும். மனதில் பட்டதை அப்படியே சொல்பவருக்குத்தான் குறைந்த அபராதம். 1965லிருந்து அமெரிக்க வானிலைத் துறை நாடு முழுக்க மழையைச் சதவீதமாகத்தான் சொல்கிறது. 1970களில் ஆலன் மர்ஃபி, ராபர்ட் விங்க்லர் இருவரும் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது, அங்குள்ள கணிப்பாளர்கள் சொன்ன சதவீதமும் பெய்த சதவீதமும் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒட்டிப் போயின. அவர்களுக்கு மட்டும் ஞானதிருஷ்டி என்று அர்த்தம் இல்லை. தினமும் எண் சொல்லி, தினமும் ரிசல்ட் பார்த்து, வருடா வருடம் திருத்திக்கொண்டால் யாருக்கும் வரும் பழக்கம் அது.

சரி, நம்மூருக்கு வருவோம்.

இந்திய வானிலைத் துறைக்குச் சதவீதம் தெரியாது என்று நினைக்க வேண்டாம். அவர்களுடைய ஆங்கில அறிக்கைகளின் அடியில், பொடி எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. "அன்லைக்லி" என்றால் 25 சதவீதத்துக்குக் கீழ். "லைக்லி" என்றால் 25 முதல் 50. "வெரி லைக்லி" என்றால் 50 முதல் 75. "மோஸ்ட் லைக்லி" என்றால் 75க்கு மேல்.

இன்னொரு தடவை படியுங்கள். "லைக்லி" என்றால் 25 முதல் 50. அதாவது, பெய்யாமல் இருக்கத்தான் அதிக வாய்ப்பு! ஆங்கிலம் தெரிந்த எவரும் அந்தச் சொல்லைப் பாதிக்கு மேல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். தமிழில் நிலைமை இன்னும் மோசம். டிவியின் கீழே ஓடும் வரிக்கு வரும்போது 30 சதவீதமும் 70 சதவீதமும் ஒன்றாகி "வாய்ப்புள்ளது" ஆகிவிடுகிறது. இந்தப் பக்கம் 25, அந்தப் பக்கம் 75. நடுவில் ஒரே சொல். ஆடி மாதம் தி.நகரில் "50% வரை தள்ளுபடி" என்று போர்டு வைப்பார்களே, அதில் "வரை" என்பது கண்ணுக்குத் தெரியாத சைஸில் இருக்குமே, அந்த "வரை"க்கு அண்ணன்தான் இந்த "வாய்ப்பு."

போதாததற்கு இடக் கணக்கு வேறு. "ஓரிரு இடங்களில்" என்பது ஏதோ பேச்சுவழக்கு என்று நினைத்தால் தப்பு. அதற்கும் வரையறை இருக்கிறது: அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை. அதற்கு அடுத்தது 26 முதல் 50, அப்புறம் 51 முதல் 75, அதற்கு மேல் 76 முதல் 100. ஆக "சென்னையில் ஓரிரு இடங்களில் கனமழைக்கு வாய்ப்புள்ளது" என்றால், அந்த வாய்ப்பு 25 முதல் 50 என்ற ரகமாக இருக்கும் பட்சத்தில், அடையாறில் ஒரு குறிப்பிட்ட தெருவில் இருப்பவருக்குத் தோராயமாக எட்டில் ஒரு பங்கு வாய்ப்புதான், அதுவும் அதிகபட்சம். எட்டு முறை இந்த அறிவிப்பு வந்தால் ஏழு முறை அவர் தெருவில் கனமழை பெய்யாது. அறிவிப்பு ஏழு முறையும் தப்பில்லை. அவரோ ஏழு முறையும் திட்டுவார். யாராவது இதை அவருக்குச் சொன்னார்களா?

நிறங்கள் வந்த பிறகாவது தெளிந்ததா என்றால் அதுவும் இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்பவை எச்சரிக்கை நிலைகள். எவ்வளவு தயாராக இருக்க வேண்டும் என்று சொல்பவை. அதில் மழை வரும் நிகழ்தகவும், வந்தால் ஆகும் சேதமும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. 30 சதவீத வாய்ப்புதான் என்றாலும், வந்தால் ஊரே மூழ்கும் என்றால் சிவப்பு போடுவது நியாயம்தான். ஆனால் மக்கள் சிவப்பு என்றால் "கட்டாயம் கொட்டும்" என்று படிக்கிறார்கள். கொட்டாவிட்டால் அடுத்த சிவப்பை நம்ப மறுக்கிறார்கள். நிறத்தோடு எண்ணையும் கொடுத்திருந்தால் 2024 அக்டோபரில் பாதிக் கோபம் வந்திருக்காது.

இதெல்லாம் ஏதோ சொல்லாராய்ச்சி என்று நினைப்பவர்கள் மறுபடியும் தெற்கு மாட வீதிக்கு வரலாம். அங்கே சாக்கு விரித்துக் காய் விற்கும் ஒரு அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு எழுந்து கோயம்பேடு போய்ச் சரக்கு எடுக்க வேண்டும். மழை இல்லாவிட்டால் 600 ரூபாய் கையில் நிற்கும் என்று வையுங்கள். மழை பிடித்துக்கொண்டு ஆள் வராவிட்டால், கீரையும் தக்காளியும் அழுகி 1,200 ரூபாய் நஷ்டம். (எண்கள் உதாரணத்துக்குத்தான்.) சரக்கு எடுக்கலாமா, வேண்டாமா? காமர்ஸ் படிக்காதவரும் போடும் கணக்கு இது. நஷ்டம் லாபத்தைப்போல் இரண்டு மடங்கு என்பதால், மழை வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்குக் கீழே இருந்தால் எடுக்கலாம், மேலே போனால் எடுக்கக்கூடாது. அவருடைய கோடு 33 சதவீதம்.

வானிலை மையம் அவருக்கு என்ன சொல்கிறது? "25 முதல் 50." அவருடைய கோடு அதன் நடுவில் இருக்கிறது. அந்தச் சொல்லால் அவருக்குக் கால் காசு பிரயோஜனம் இல்லை. எண்ணாகச் சொன்னாலும், அந்த எண் முத்திரை வாங்கிய தராசிலிருந்து வர வேண்டும். பயத்தில் கூட்டிச் சொன்ன 45, உண்மையில் 20 என்றால், அவர் வீணாக வீட்டில் உட்காரும் ஒவ்வொரு நாளும் 600 ரூபாய் போச்சு. ஐந்தில் நாலு நாள் அப்படித்தான் போகும். ஐ.டி. ஊழியர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பார், சம்பளம் வரும். பொய் எச்சரிக்கையின் பில் யார் கைக்கு வருகிறது என்று யோசித்தால் இந்தக் கிண்டல் அவ்வளவு சிரிப்பாக இருக்காது. மறுபக்கம், குறைத்துச் சொன்னால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பரில் கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு குடியிருப்புகளில் இருந்தவர்களைக் கேட்டால் தெரியும். (செம்பரம்பாக்கத்தைத் திறந்த கதை தனி. அதைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.)

கூட்டிச் சொல்வதற்கு ஒரு சபலம் எப்போதும் உண்டு. பெய்யும் என்று சொல்லிப் பெய்யாவிட்டால் ஒரு நாள் கிண்டலோடு போய்விடும். சொல்லாமல் பெய்துவிட்டால் முதல்வர் கடிதம் எழுதுவார். யாராக இருந்தாலும் எந்தப் பக்கம் சாய்வார்கள்? அமெரிக்காவில் ஒரு தனியார் வானிலை சேனல் இப்படித்தான் மாட்டியது. அது "20 சதவீதம்" என்று சொன்ன நாட்களில் நிஜமாகப் பெய்தது 5 சதவீதம் போலத்தான் என்று 2012ல் வந்த தன் புத்தகத்தில் நேட் சில்வர் எழுதினார். குடை இல்லாமல் நனைந்தவன் திட்டுவான், குடையோடு வெயிலில் போனவன் சந்தோஷப்படுவான் என்ற கணக்கு. அது மாட்டியதே எண் சொன்னதால்தான். "வாய்ப்புள்ளது" என்று சொல்லியிருந்தால் இன்றுவரை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இங்கே பஞ்சாங்கத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மயிலாப்பூரில் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் "பஞ்சாங்கத்துல அப்பவே போட்டிருக்கான் சார்" என்று ஒருவர் வருவார். ஐப்பசி கார்த்திகையில் மழை என்று போட்டால் பலிக்காமல் எங்கே போகும்? நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் சராசரியாகப் பத்துப் பதினோரு நாள் மழைநாள். கண்ணை மூடிக்கொண்டு தினமும் "35 சதவீதம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாலே நோட்டில் கணக்கு ஒட்டிப்போகும். தராசு முத்திரையும் வாங்கிவிடும்! ஆனால் அதனால் யாருக்கு என்ன லாபம்? பெய்யும் நாளையும் காயும் நாளையும் பிரித்துச் சொல்லவில்லையே. ஆக இரண்டும் வேண்டும். பிரித்துச் சொல்லும் திறமையும் வேண்டும், சொல்லும் எண் உண்மையாகவும் இருக்க வேண்டும்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது பஞ்சாங்கக்காரர்கள் மட்டும் இல்லை. தன் கணிப்புகளில் பலித்ததை மட்டும் எடுத்துப் போட்டு "அன்றே சொன்னோம்" என்று மார்தட்டும் தனியார் மழைப் பிரியர்களும் அதையேதான் செய்கிறார்கள். அவர்களில் சிலர் நிஜமாகவே கெட்டிக்காரர்கள். ரேடாரைப் பார்த்து, ராத்திரி கண்விழித்து, பைசா வாங்காமல் உழைக்கிறார்கள். ஆனால் பலிக்காததும் அதே நோட்டில் இல்லாவிட்டால் அது வரவை மட்டும் எழுதிய கணக்கு. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார்.

வானிலைத் துறை தன்னைச் சோதித்துக்கொள்வதே இல்லை என்றும் சொல்லக்கூடாது. கனமழை எச்சரிக்கைகளில் எத்தனை பிடிபட்டன, எத்தனை பொய்யாகப் போயின என்று விகிதங்களை வெளியிடுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அது ஆமாம்/இல்லை கணக்கு. எச்சரித்தோமா, பெய்ததா, அவ்வளவுதான். 26 சதவீத நம்பிக்கையில் விட்ட எச்சரிக்கையும் 95 சதவீத நம்பிக்கையில் விட்ட எச்சரிக்கையும் அதில் ஒரே எடை. பிரிக்கும் திறமையை அது கொஞ்சம் காட்டும், தராசு சரியா என்பதைக் காட்டாது. எல்லாச் சதவீதத்தையும் பாதியாக்கினாலும் எந்த நாள் முன்னே, எந்த நாள் பின்னே என்ற வரிசை மாறாதே! கடன் வாங்குபவர்களை வரிசைப்படுத்தும் வங்கிகளுக்கும் இதே பிரச்சினைதான். யார் ஏமாற்றுவார் என்ற வரிசை சரியாக இருக்கும். எத்தனை பேர் ஏமாற்றுவார்கள் என்ற எண் தப்பாக இருக்கும். வாராக்கடனுக்கு ஒதுக்கிய பணம் பற்றாமல் போகும்.

"சதவீதம் சொன்னால் நம்ம ஜனங்களுக்குப் புரியாது" என்று ஒரு வாதம் வரும். யாருக்குப் புரியாது? சேதாரம் எத்தனை சதவீதம் என்று உஸ்மான் ரோட்டில் நகைக்கடை நகைக்கடையாக ஏறி இறங்குபவர்களுக்கா? சீட்டுக் கசரைப் போட்டுப் பார்த்து ஏலம் கேட்பவர்களுக்கா? கட்-ஆஃப் அரை மார்க் குறைந்ததற்கு அழும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கா? உண்மையில் புரியாமல் போவது சதவீதம் இல்லை, எதன் சதவீதம் என்பதுதான். 2005ல் வந்த ஒரு ஆய்வில் நியூயார்க், பெர்லின், மிலான், ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ் என ஐந்து நகரங்களில் "30 சதவீத மழை வாய்ப்பு" என்றால் என்ன என்று கேட்டார்கள். நாளில் 30 சதவீத நேரம் பெய்யும், ஊரில் 30 சதவீத இடத்தில் பெய்யும் என்றெல்லாம் சொன்னார்கள். நியூயார்க்கில் மட்டும்தான் பெரும்பாலானோர் சரியாகச் சொன்னார்கள். அவர்களுக்குத்தான் சதவீதம் கேட்டுக் கேட்டுப் பழக்கம். ஆக மருந்து ரொம்ப எளிது: "இன்றைப் போன்ற பத்து நாட்களில் மூன்று நாள் பெய்யும்" என்று சொல்லிவிடலாம். எந்த நேரத்துக்கு என்பதையும் சொல்ல வேண்டும். மழைமானிக் கணக்கு காலை 8.30லிருந்து மறுநாள் காலை 8.30 வரை. ராத்திரி ரெண்டு மணிக்குப் பெய்தது எந்தத் தேதிக் கணக்கு என்பதில்தான் பாதிச் சண்டையே.

கனமழை அபூர்வம், சோதிக்கப் போதுமான நாட்கள் கிடைக்காது என்பது அடுத்த வாதம். இதில் நியாயம் இருக்கிறது. ஒரே மழைமானியில் 20 செ.மீ. நாட்களை எண்ணினால் ஒரு தலைமுறை ஆனாலும் நோட்டு நிறையாது. பல ஊர் மழைமானிகளைச் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் அடையாறும் மயிலாப்பூரும் ஒரே மேகத்தில் நனைபவை, அவற்றை இரண்டு தனி சாட்சியாக எண்ண முடியாது. அதனால் உச்சத்தில் உள்ள எண்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கும். இருக்கட்டுமே. சாதாரண மழைக்கு அந்தத் தடை இல்லையே? 2.5 மி.மீ.க்கும், 6.45 செ.மீ.யில் ஆரம்பிக்கும் கனமழைக்கும் முதலில் தொடங்கலாம்.

எண் எங்கிருந்து வரும் என்று கேட்பதற்கும் இடமில்லை. 2018லிருந்தே இந்தியாவில் 12 கி.மீ. நுணுக்கத்தில் குழுக் கணிப்பு முறை ஓடுகிறது. ஆரம்ப நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஒரே மாதிரியை இருபதுக்கும் மேற்பட்ட தடவை ஓட்டுவார்கள். அதில் எத்தனை தடவை மழை வந்தது என்பதே முதல் எண். அதுவும் நேராக நம்பத் தக்கதல்ல. இப்படிப்பட்ட மாதிரிகள் பொதுவாகத் தேவைக்கு மேல் நிச்சயமாகப் பேசும். பழைய நாட்களின் 1, 0 பதிவுகளோடு பொருத்தி அதைத் திருத்த வேண்டும். புள்ளியியலில் லாஜிஸ்டிக் ரிக்ரஷன் என்று ஒன்று இதற்கென்றே இருக்கிறது. திருத்தியது சரியா என்று பார்க்க நிகழ்தகவுகளை வரிசைப்படுத்திப் பத்துக் கட்டாகக் கட்டி, எதிர்பார்த்ததையும் நடந்ததையும் ஒப்பிடும் சோதனையை ஹாஸ்மர், லெமெஷோ என்ற இருவர் 1980லேயே கொடுத்துவிட்டார்கள். திருத்தியதை அதே பழைய நாட்களில் சோதித்து ஜம்பம் அடிக்கக்கூடாது, புது நாட்களில் சோதிக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை மொத்தமாக எப்படி இருக்கும் என்று ஏப்ரலில் அறிவிக்கிறார்களே, அதில் இயல்பு, இயல்புக்குக் கீழ், இயல்புக்கு மேல் என்று ஒவ்வொன்றுக்கும் சதவீதம் போட்டுத்தான் அறிவிக்கிறார்கள்! நாலு மாத மழைக்குச் சதவீதம் உண்டு. நாளைக் காலை மழைக்கு "வாய்ப்புள்ளது."

நுங்கம்பாக்கம் ஒன்றும் சாதாரண இடம் இல்லை. 1792லேயே மெட்ராஸ் அப்சர்வேட்டரி வந்த இடம். கணக்கு எழுதி வைப்பதில் அந்த வளாகத்துக்கு இந்த நாட்டில் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெய்த மழையை மி.மீ. சுத்தமாகத் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருக்கிறார்கள். பெய்யும் என்று சொன்னதை அதே நோட்டில் பக்கத்துப் பத்தியில் எழுத வேண்டும், அவ்வளவுதான் கேட்பது. தினமும் மாலை அறிக்கையில், தமிழில், நுங்கம்பாக்கத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் மழைநாளுக்கு ஒரு சதவீதம், கனமழைக்கு ஒரு சதவீதம். ஜனவரி பிறந்ததும் ஒரே ஒரு பக்கம்: 0 முதல் 100 வரை பத்து வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் இத்தனை நாள் சொன்னோம், இத்தனை நாள் பெய்தது. கணிப்பு கோணலாக இருந்தாலும் வெட்கப்படாமல் அப்படியே போடலாம். முதல் வருடம் கோணலாகத்தான் இருக்கும்.